மைனஸ் 137 டிபிஎம் எங்கிருந்து வந்தது? லோரா ரிசீவருக்கு ஒரு கணக்கு

லோரா என்பது குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் சிறு தகவல்களை அனுப்பும் ரேடியோ முறை. எஸ்எக்ஸ்1276 சிப் உள்ள லோரா மாட்யூல்களை விற்பவர்கள் மைனஸ் 137 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் அளவு; மைனஸ் கூடக் கூட சிக்னல் பலவீனம்) அளவு சிக்னலைக்கூட அவை பிடிக்கும் என்பார்கள். அந்த எண்ணை நாமே போட்டுப் பார்க்கலாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், லாகரிதத்தைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

முதல் படி, வெப்ப இரைச்சல். எந்த மின்தடையிலும் எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. ஜான்சனும் நைக்விஸ்டும் 1928-இல் விளக்கிய இந்த இரைச்சல், 290 கெல்வினில் ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டிபிஎம். நம் ஊர் வெயிலில் 35 டிகிரி என்றாலும் கால் டெசிபல்தான் கூடும், விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பேண்ட்விட்த், அதாவது ரிசீவர் கேட்கும் அலைவரிசையின் அகலம். வாசலை அகலமாகத் திறந்தால் இரைச்சலும் அதிகம் நுழையும். 125 கிலோஹெர்ட்ஸ் என்றால் 10 × லாக்(125000) = 51 டெசிபல். நான் முதல்முறை கிலோஹெர்ட்ஸிலேயே 125 என்று போட்டு 21 என்று எடுத்துக்கொண்டேன். கடைசி விடை 30 டெசிபல் கீழே, மைனஸ் 167 என்று வந்தது. என் மாட்யூல் உலக சாதனை என்று ஒரு மாலை முழுக்க நம்பினேன்! ஹெர்ட்ஸில் மட்டுமே போடுங்கள்.

மூன்றாவது, ரிசீவர் தானாகச் சேர்க்கும் இரைச்சல். இதுதான் நாய்ஸ் ஃபிகர். இங்கே 6 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம்.

−174 + 51 + 6 = −117 டிபிஎம்

இது இரைச்சலின் தரைமட்டம். சாதாரண ரேடியோவில் சிக்னல் இதற்கு மேலே நிற்க வேண்டும். லோரா அப்படியில்லை, இரைச்சலுக்கு அடியில் புதைந்த சிக்னலையும் தோண்டி எடுக்கும். எனவே நான்காவது படியில் தேவையான சிக்னல்–இரைச்சல் விகிதம் மைனஸில் வரும். அது ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (எஸ்எஃப்) பொறுத்தது; ஒவ்வொரு சிம்பலையும், அதாவது சிக்னலின் ஒரு துண்டை, எவ்வளவு நேரம் நீட்டி அனுப்புகிறோம் என்பதைக் குறிக்கும் எண் அது. ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 7-க்கு மைனஸ் 7.5 டெசிபல், 12-க்கு மைனஸ் 20.

எஸ்எஃப்7: −117 − 7.5 = −124.5 டிபிஎம்
எஸ்எஃப்12: −117 − 20 = −137 டிபிஎம்

வந்துவிட்டது பாருங்கள். ஆனால் இது இலவசம் இல்லை. எஸ்எஃப்7-இல் ஒரு சிம்பல் சுமார் 1 மில்லிசெகண்ட், எஸ்எஃப்12-இல் கிட்டத்தட்ட 33. அவ்வளவு நேரம் கூடுதலாக அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் சென்சாருக்கு அது பெரிய செலவு.

அப்புறம், ஆன்டெனா கேபிள். அது 3 டெசிபலைத் தின்றால் உங்கள் 137 அப்படியே 134 ஆகிவிடும். கேபிளுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் இழந்தது திரும்பாது. வைப்பதானால் கம்பத்து உச்சியில், ஆன்டெனாவை ஒட்டியே வைக்க வேண்டும்.