ஜாக் குவினின் கணக்கைப் படிக்கும் முறை

மேலூர்ப் பக்கம் பதினோரு வருஷம் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் 'கெஸ்ட்'டாக, அதாவது வேற்றூர் அணி கூப்பிட்டால் போய் ஆடுகிறவனாக, பந்து போட்டவன் நான். பொங்கலுக்கு ஒரு ஊர், சித்திரைக்கு இன்னொரு ஊர். பஸ் காசு, சாப்பாடு, ஜெயித்தால் கையில் கொஞ்சம். அதனாலோ என்னவோ, அமெரிக்க பேஸ்பாலில் நட்சத்திரங்களைவிட ஊர் ஊராகப் போன பிட்சர்கள்மேல்தான் (நம் பௌலர் மாதிரி, பந்து எறிபவர்கள்) எனக்குப் பிரியம். ஜாக் குவின் அப்படி ஒருவர். 1909க்கும் 1933க்கும் நடுவில் எட்டு அணிகள். அவருடைய கணக்கு அட்டவணை இணையத்தில் கிடைக்கும். கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வெற்றி, தோல்விக் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பேஸ்பாலில் ஆட்டத்தின் முடிவை ஒரு பிட்சர் பெயரில் எழுதிவிடுவார்கள். அவருடைய அணி ஆட்கள் ரன் எடுக்காவிட்டாலும் தோல்வி அவருக்குத்தான். குவின் 1914ல் பால்டிமோருக்கு 26 வெற்றி, 14 தோல்வி. மறுவருஷம் அதே அணிக்கு 9 வெற்றி, 22 தோல்வி. கை கொஞ்சம் தளர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த வருஷம் அணியே 107 ஆட்டம் தோற்றது.

அப்புறம் இன்னிங்ஸ் கட்டம். நம்மாள் வழுக்கி விழும் இடம் இதுதான். 15.2 என்றால் பதினைந்தே முக்கால் இல்லை, பதினைந்தரையும் இல்லை. நம் ஸ்கோர் நோட்டில் 15.2 ஓவர் என்றால் 15 ஓவர், 2 பந்து. அதே மாதிரி இங்கே 15 இன்னிங்ஸ், 2 அவுட். ஒரு இன்னிங்ஸுக்கு 3 அவுட், ஆகவே 15.67.

1933ல் சின்சினாட்டிக்காகக் குவின் போட்ட கணக்கு இதே 15.2தான், அவர் மேல் ஏறிய ரன் 7. ஏழை ஒன்பதால் பெருக்கினால் 63. அதை 15.67ஆல் வகுத்தால் 4.02. அதுதான் ஈஆர்ஏ, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் என்பது. 15.2ஆல் வகுத்தால் 4.14 வரும், தப்பு.

'ஏறிய ரன்' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஃபீல்டர் கோட்டைவிட்டதால் வந்த ரன்னைப் பிட்சர் தலையில் கட்ட மாட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. ஒரு ஃபைனலில் என் பந்தில் மிட்-விக்கெட்டில் நின்றவன் இரண்டு லட்டு கேட்சை விட்டான். அணிக்குப் பணம் போட்டவர் மகன், யார் கேட்பது? நோட்டில் இன்றைக்கும் நிற்பது 4 ஓவர், 41 ரன், விக்கெட் இல்லை.

ஈஆர்ஏவை வருஷத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே பெரிய லீக் இரண்டு, அமெரிக்கன், நேஷனல். 1908ல் அமெரிக்கன் லீக் முழுவதுக்கும் சராசரி 2.39; அன்றைக்கு 3.00 என்பது சுமார். 1930ல் நேஷனல் லீக் சராசரி 4.97, அங்கே 3.00 எடுத்தவனைத் தோளில் தூக்கலாம்.

கடைசியாக, காலி வருஷங்கள். குவினுக்கு 1916, 1917 வரிகளே இருக்காது. பால்டிமோர் ஆடிய ஃபெடரல் லீக் 1915ஓடு மூடிவிட்டது. மனிதர் மேற்குக் கரைக்குப் போய் வெர்னான் என்ற ஊருக்கு எறிந்துகொண்டிருந்தார். அந்த வரிகளுக்கு மைனர் லீக், அதாவது கீழ்மட்ட லீக், பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கிருந்து திரும்பி வந்து இன்னும் பதினாறு சீசன் ஆடினார். சின்சினாட்டிக்கு அந்த 15.2 போட்டு முடித்தபோது அவருக்கு வயது 50.