கேட் தேர்வு: புதிதாகத் தொடங்குபவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும்?

இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்களில் எம்பிஏ சேர கேட் (CAT) எழுத வேண்டும். பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறு அன்று நடக்கும். பட்டப்படிப்பில் 50 சதவீதம் இருந்தால் போதும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம்.

படி 1: பழைய கேள்வித்தாள்

புத்தகம் வாங்கும் முன், இணையத்தில் கிடைக்கும் பழைய தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். 2024-இல் மொத்தம் 68 கேள்விகள்: ஆங்கிலத்தில் 24, தரவும் தர்க்கமும் 22, கணக்கு 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். முடிந்த பகுதிக்குத் திரும்ப முடியாது. மதிப்பெண் மோசமாகத்தான் வரும், பரவாயில்லை. முழு மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காதவர்கள் 99 பெர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் 99 சதவீதம் பேருக்கு மேலான இடம், வாங்கியிருக்கிறார்கள். எதை விடுவது என்று தெரிந்தவருக்கான தேர்வு இது.

படி 2: கணக்கு

சதவீதம், விகிதம், லாப நட்டம், வேலையும் நேரமும், வேகம். இவை கைக்கு வந்த பிறகு அல்ஜீப்ரா. பெர்முடேஷனைக் கடைசிக்குத் தள்ளலாம். திரையில் கால்குலேட்டர் உண்டு, ஆனால் சின்னக் கணக்குக்கெல்லாம் அதைத் தேடினால் நேரம் போய்விடும்.

படி 3: ஆங்கிலம்

தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்படுவது இங்கேதான். அருஞ்சொல் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் வேலை. 24-இல் 16 கேள்விகள் பத்தியைப் படித்துப் பதில் சொல்பவை. தினமும் ஒரு நீண்ட கட்டுரை, அதுவும் உங்களுக்குப் பிடிக்காத துறையில். படித்து முடித்ததும் எழுதியவர் என்ன வாதிடுகிறார் என்று இரண்டு வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதினாலும் சரி.

படி 4: தரவும் தர்க்கமும்

நன்றாகப் படிப்பவர்களும் சறுக்குகிற பகுதி இது. கேள்விகள் செட் செட்டாக, அதாவது ஒரே தகவலை வைத்துப் பல கேள்விகளாக, வரும். 2024-இல் ஐந்து செட். முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாமல் எல்லாவற்றையும் படித்து, இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தையும் அரைகுறையாகத் தொட்டவரைவிட இரண்டை முழுசாக முடித்தவர் முன்னால் இருப்பார். பயிற்சியிலும் இப்படியே செய்யுங்கள்: ஒரு செட்டை எடுத்துத் தீர்ப்பதோடு, நான்கைப் பார்த்து ஒன்றை எடுக்கவும் பழக வேண்டும்.

படி 5: மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு)

ஆகஸ்ட் வாக்கில் தொடங்குங்கள். எழுத இரண்டு மணி நேரம் என்றால் அலச நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். அலசாத மாக் எத்தனை எழுதினாலும் பயனில்லை என்பது என் கருத்து. ஒரு நோட்டில் தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதவை, தெரிந்தும் தப்பியவை, தொட்டிருக்கவே கூடாதவை. மூன்றாவது பட்டியல் சுருங்கச் சுருங்க மதிப்பெண் ஏறும்.

அப்புறம், ஊகம். சரியான விடைக்கு 3, நான்கு விருப்பக் கேள்வியில் தவறுக்கு 1 கழிவு. கண்ணை மூடி அடித்தால் சராசரி லாபம் பூஜ்யம். இரண்டு விருப்பங்களை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரியாக 1 மதிப்பெண் லாபம், அடிக்கலாம். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவே கிடையாது, காலியாக விடாதீர்கள்.

அனுமதிச் சீட்டு வந்ததும் உங்கள் தேர்வு நேரத்தைப் பாருங்கள். காலை 8.30 என்றால் மீதியுள்ள மாக் எல்லாவற்றையும் அதே நேரத்தில் எழுதுங்கள்.