ஆறு ஏக்கரில் எத்தனை ஆடு? கணினியில் மேய்ச்சல் கணக்கு

நாங்குநேரிப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. அதில் முப்பது செம்மறி மேய்த்துக்கொண்டிருந்தவன், கணினி சொன்ன கணக்கை நம்பி மேலும் பதினைந்து வாங்கி வகையாக மாட்டிக்கொண்டேன். கணினிமேல் குற்றமில்லை. சறுக்கிய இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் நிலத்தை அளக்க வேண்டும். கூகுள் எர்த்தில் வரப்போரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் பரப்பளவு வந்துவிடும். கைப்பேசியோடு சுற்றி நடந்து அளக்கும் செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லை சில மீட்டர் தள்ளி விழுந்தாலும் சிறு நிலத்தில் கணக்கு கெட்டுவிடும். பட்டாவில் உள்ள பரப்பையும் அப்படியே எழுதிவிடாதீர்கள். ஓடை, பாறை, ஆடு நுழைய முடியாத சீமைக் கருவேலம் புதர் எல்லாவற்றையும் தனித்தனியாக வரைந்து கழித்ததில் என் ஆறு ஏக்கர் நாலரையாகச் சுருங்கியது.

அடுத்து புல்லை எடை போடுங்கள். நான்கு குச்சிகளை அரை மீட்டர் சதுரமாகக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு பத்து இடங்களில் எறியுங்கள். பார்த்து வைத்தால் கை தானாகவே கொழுக்கட்டைப்புல் அடர்ந்த இடத்துக்குத்தான் போகும். சட்டத்துக்குள் இருப்பதை அறுத்து எடை பாருங்கள். வெறும் தரையில் விழுந்தால் பூஜ்யம் என்று எழுதுங்கள்.

இங்கேதான் விழுந்தேன். தை மாதக் கடைசியில் அறுத்தபோது சராசரி 240 கிராம். சதுர மீட்டருக்கு 960 கிராம். கிராமை 4.047 ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று கிடைக்கும். அதை நாலரை ஏக்கருக்குப் பெருக்கி, வந்ததில் பாதியை மண்ணுக்கும் மறு துளிர்ப்புக்கும் விட்டுவிட்டு, ஆட்டின் எடையில் மூன்று சதவீதம் தினசரித் தீவனம் என்று போட்டேன். 25 கிலோ ஆட்டுக்கு 750 கிராம். நாற்பத்தைந்து ஆட்டுக்கு 259 நாள் தாங்கும் என்று வந்தது. ஐப்பசி மழையைத் தொட்டுவிடலாம்! மேலப்பாளையம் ஆட்டுச் சந்தைக்குக் கிளம்பிவிட்டேன்.

சித்திரை பிறந்தபோது தரை மொட்டையாக இருந்தது. அந்த மூன்று சதவீதம் காய்ந்த எடைக்கான கணக்கு; நான் போட்டதோ ஈரப் புல். பிறகு, அறுத்த புல்லை மொட்டைமாடியில் செய்தித்தாளில் பரப்பி, எடை மேலும் குறையாத வரை காயவிட்டேன். 240 கிராம் 72 ஆனது. அதே சூத்திரத்தில் 72 ஐப் போட்டால் 77 நாள்தான். புல் தீர்ந்ததும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

சூத்திரம் போட லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் போதும். கியூஜிஐஎஸ் போன்ற நிலப்பட மென்பொருள் எல்லாம் ஆறு ஏக்கருக்கு யானையைக் கட்டி ஏர் உழுவது போல. மாதத்துக்கு ஒரு வரிசை வையுங்கள். பங்குனி முதல் புரட்டாசி வரை உள்ள வரிசைகள்தான் எத்தனை ஆடு என்பதைத் தீர்மானிக்கும். உடைமரத்து நெற்று, பிசான நெல் அறுவடைக்குப் பிந்திய அரிதாள் மேய்ச்சல் இவற்றுக்குத் தனி நெடுவரிசை.

லாபத்தை ஆட்டுக்கு இவ்வளவு என்று பார்க்காமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று பாருங்கள். கிடா விற்ற பணம், உரத்துக்காக அடுத்தவர் வயலில் கிடை போட்ட கூலி வரவு. தீவனம், மருந்து, மேய்ச்சல்காரர் சம்பளம் செலவு. எண்ணிக்கைக் கட்டத்தில் 25, 30, 35 என்று மாற்றிக்கொண்டே போனால், ஓரிடத்தில் தீவனச் செலவு வரவைத் தின்னத் தொடங்கும். எனக்கு அது முப்பத்திரண்டில் வந்தது. கோயில் கொடை நேரத்தில் கிடா விலை ஏறும் என்பதால், விற்பனை மாதத்தையும் மாற்றிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: குட்டிகளை எப்படி எண்ணுவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தலையை எண்ணாமல் மந்தையின் மொத்த எடையைப் போடுங்கள். பால்குடிக் குட்டிகளை மேயத் தொடங்கும்வரை விட்டுவிடலாம், ஆனால் தாய்க்கு மூன்றுக்குப் பதில் நான்கு சதவீதம்.

இன்னொன்று: முதல் மழைக்குப் பின் வரும் இளம்புல்லைக் கணக்குத் தாளில் வரவாக எழுதுமுன், அதை அதிகம் மேய்ந்தால் ஆட்டுக்கு வரக்கூடிய துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசிக்கு ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். என் தாளில் அந்தக் கட்டம் சிவப்பில் இருக்கிறது.