எஸ்கியூஎல்அல்கெமி கொண்டு கமக்காரர் பதிவேடு அமைக்கும் முறை

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்யப்படும் பரப்பு, குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்தே தீர்மானிக்கப்படுவதால், எந்த வாய்க்காலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கும் ஆண்டுக்காண்டு மாறும். அந்தக் கணக்கை எக்செல் தாளில் வைத்தால், ஒரே ஆளின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக நிற்கும். பங்குகளின் கூட்டுத்தொகை அனுமதித்த பரப்பைத் தாண்டினாலும் தாள் தானாக எச்சரிக்காது. உயர்தரத்தில் பைதனும் தரவுத்தளமும் படித்த ஒருவர், தம் ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு ஒழுங்கான பதிவேடொன்றை பைதனிலிருந்து தரவுத்தளத்தைக் கையாள உதவும் எஸ்கியூஎல்அல்கெமி என்ற நிரல் நூலகத்தால் அமைத்துக் கொடுக்கலாம்.

மைக் பேயர் 2006 இல் வெளியிட்ட இந்தத் திறந்த மூல நூலகத்தை எம்ஐடி உரிமத்தின் கீழ் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2023 ஜனவரியில் வந்த 2.0 பதிப்போடு தரவைக் கேட்கும் வினவல்களை எழுதும் முறை மாறிவிட்டது. பழைய பாடங்களில் காணப்படும் 'குவெரி' முறை இன்னும் ஓடும் என்றாலும், புதிதாகத் தொடங்குபவர் 'செலெக்ட்' முறையையே பழக வேண்டும்.

முதலில் ஒரு வெர்ச்சுவல் என்வயர்ன்மென்ட்டை, அதாவது இந்த வேலைக்கென்று தனியான பைதன் சூழலை, உருவாக்கி, அதற்குள் பைதன் நூலகங்களை நிறுவும் பிப் கட்டளையால் நூலகத்தை நிறுவவும். இணைப்பு சரியாகக் கிடைக்காத ஊராக இருந்தால், 'பிப் டவுன்லோட்' கட்டளையால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கோப்புகளை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். இரண்டு கணினிகளிலும் இயங்குதளமும் பைதன் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். தரவுத்தளமாக எஸ்கியூலைட் போதும், ஏனெனில் அது பைதனோடு சேர்ந்தே வருகிறது. தரவுத்தளத்தோடு இணைக்கும் 'கிரியேட் எஞ்சின்' அழைப்பில் 'எக்கோ' என்பதை உண்மை என வைத்தால், தரவுத்தளத்துக்கு நூலகம் எழுதும் ஒவ்வொரு எஸ்கியூஎல் கட்டளை வரியும் திரையில் தெரியும். இதை நான் வலியுறுத்துகிறேன். அந்த வரிகளைப் படிக்காமல் இந்த நூலகத்தைப் பயன்படுத்துபவர், தரவுத்தளத்தில் என்ன நடக்கிறது என்பதை அறியமாட்டார்.

கமக்காரர், வாய்க்கால், பங்கு என மூன்று அட்டவணைகள் வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாகவே வைக்கவும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களோடு இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் இருக்கும். ஒருவரே பழையதிலிருந்து புதியதுக்கு மாறக்கூடும் என்பதால், அதை, ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி ஆக்காமல் தனியான தொடரிலக்கம் ஒன்றைச் சாவியாக வைக்கவும். காணியின் அளவில் தசமம் வேண்டாம். எஸ்கியூலைட்டுக்குத் துல்லியமான தசம வகை கிடையாது, எஸ்கியூஎல்அல்கெமியும் இதைப் பற்றி எச்சரிக்கும். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதால், இரண்டரை ஏக்கரை 400 பேர்ச் என்ற முழு எண்ணாகச் சேமித்து, காட்டும்போது மட்டும் ஏக்கராக மாற்றவும்.

பங்கு அட்டவணையில் கமக்காரருக்கும் வாய்க்காலுக்கும் அந்நியச் சாவிகள், அதாவது அந்த அட்டவணைகளின் பதிவுகளைச் சுட்டும் புலங்கள், இருக்கும்; இவ்விரண்டோடு ஆண்டையும் சேர்த்து ஒரு தனித்துவக் கட்டுப்பாடு இட்டால், ஒரே பங்கு இரு தடவை பதியப்படாது. எஸ்கியூலைட் வழமையாக அந்நியச் சாவிகளைச் சரிபார்ப்பதில்லை. ஒவ்வொரு இணைப்பும் திறக்கும்போது அந்தச் சரிபார்ப்பை இயக்கும் எஸ்கியூலைட்டின் 'பிராக்மா' கட்டளையை ஓட்டும்படி 'கனெக்ட்' நிகழ்வில் ஒரு சிறு சார்பை இணைக்க வேண்டும். இல்லையேல் கமக்காரரை அழித்த பின்னும் அவருடைய பங்கு ஆளில்லாமல் கிடக்கும்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. 'பொன்னம்பலம்' என்பதன் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. ஆகவே 'வேலிடேட்ஸ்' அலங்காரத்தின் உதவியால், பெயர் உள்ளே வரும்போதே அதை, இத்தகைய குறிகளை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி என்ற யுனிகோடு வடிவத்துக்கு மாற்றவும். தேடும் சொல்லையும் அவ்வாறே மாற்றவும்.

ஒருவர் தம் பங்கில் 80 பேர்ச்சை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தால், ஒரு பக்கம் குறைவதும் மறுபக்கம் கூடுவதும் ஒன்றாகவே நிகழ வேண்டும். இரண்டையும் 'பிகின்' தொகுதி ஒன்றுக்குள் எழுதினால், பிழை எழும்போது முழுவதும் பின்வாங்கப்படும். இடையில் கரண்ட் போனாலும் பாதிக் கணக்கு தங்காது. அதே தொகுதிக்குள் அந்த ஆண்டுக்கான பங்குகளைக் கூட்டிப் பார்த்து, அனுமதித்த பரப்பைத் தாண்டினால் பிழை எழுப்பவும்.

பட்டியல் எடுக்கும்போது வேகம் குறையலாம். 300 கமக்காரரை எடுத்து ஒவ்வொருவருடைய பங்குகளையும் தனித்தனியே தொட்டால், 301 வினவல்கள் ஓடுவதை எக்கோ காட்டும். எல்லோருடைய பங்குகளையும் ஒரே வினவலில் எடுக்கும் 'செலெக்ட்இன்லோட்' சேர்த்தால் அது இரண்டாகக் குறையும்.

பல அலுவலர்கள் ஒரே நேரத்தில் பதியும் நிலை வந்தால், போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்துக்கு மாறவும். அதற்குரிய டிரைவரை நிறுவி எஞ்சினின் முகவரியை மாற்றினால், மேலே சொன்ன பிராக்மாவைத் தவிர நிரலின் பெரும்பகுதி அப்படியே ஓடும். பழைய தரவை மட்டும் தனியே நகர்த்த வேண்டும். அட்டவணையில் பின்னர் ஒரு புலம் சேர்க்க, அட்டவணைகளை முதலில் உருவாக்கும் 'கிரியேட் ஆல்' அழைப்பு உதவாது, ஏனெனில் அது இருக்கும் அட்டவணையைத் தொடுவதில்லை. அதற்கு மைக் பேயரே எழுதிய அலெம்பிக் என்ற கருவியைப் பயன்படுத்தவும். அது தானாக எழுதித் தரும் மாற்றக் கோப்பை வாசித்துப் பார்த்து, தரவுத்தளத்தின் பிரதி ஒன்றில் ஓட்டிய பின்பே உண்மையான பதிவேட்டில் ஓட்டவும்.