வீட்டுக்கு வர்ற பூரானை அடிக்காம பாக்குறது எப்படி

மழை பெஞ்ச ராத்திரி டார்ச் எடுத்துட்டு தோட்டத்துல பூந்தொட்டி, செங்கல், மட்டை இதுகளை மெதுவா தூக்கி பாருங்க, கையால இல்ல ஒரு குச்சியால. பூரான் உடம்புல ஈரம் சீக்கிரம் காஞ்சிடும், அதான் எப்பவும் ஈரமான இடமா தேடி ஒளியுது, பாத்ரூமுக்கு வர்றதும் அதுக்குத்தான்.

நம்ம ஊர்ல சாதாரணமா பாக்குறது ஸ்கோலோபெண்ட்ரா மோர்சிடன்ஸ்ங்கற பூரான் இனம், 1758-ல லின்னேயஸ்ங்கற விஞ்ஞானி பேர் வச்சது. போட்டோ எடுத்து ஜூம் பண்ணி காலை எண்ணுங்க, 21 ஜோடி இருக்கும். நூற்றுக்காலினு பேரு, ஆனா வளந்த பூரானுக்கு ஜோடி எண்ணிக்கை ஒற்றைப்படையாத்தான் வரும், அப்புறம் எப்படி சரியா நூறு வரும் சொல்லுங்க! வளையத்துக்கு ரெண்டு ஜோடி இருந்து, தொட்டா சுருண்டுக்கிச்சுனா அது மரவட்டை.

கடிக்கிறது வாயால இல்ல, தலைக்கு கீழ இருக்குற விஷக்கொடுக்கால, அது முன்னங்கால் மாறி வந்தது. முட்டையை சுத்தி சுருண்டு கிடக்குற தாயை பாத்தா கல்லை அப்படியே திருப்பி வச்சிடுங்க ப்ளீஸ்.

வீட்டுக்குள்ள வந்தா டப்பாவை கவுத்து, அடியில அட்டையை சொருகி வெளிய விடுங்க, கரப்பான் பூச்சியை திங்குற ஆள் அது. கடிச்சிட்டா சோப்பு போட்டு கழுவுங்க, மூச்சு திணறுனா உடனே ஆஸ்பத்திரி.