வகுத்தே பாக்காம ஒரு பெரிய நம்பர் பகா எண்ணான்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

பகா எண்ணான்னு பாக்கணும்னா 2, 3, 5, 7னு வரிசையா வகுத்துப் பாருன்னுதான் ஸ்கூல்ல சொல்லித் தந்தாங்க. சின்ன நம்பருக்கு அது சரி. ஆனா 2024 அக்டோபர்ல 2^136279841 − 1 ஒரு பகா எண்ணுன்னு உறுதி பண்ணாங்க, அதுல 4,10,24,320 இலக்கம், அதைப் போய் யார் வரிசையா வகுக்க முடியும்? அங்க கைகொடுத்தது லூக்காஸ்-லேமர் டெஸ்ட், அதை பேப்பர் பேனா வச்சு நாமளே போட்டுப் பாக்கலாம்.

முதல்ல அடுக்கைப் பாருங்க, அதாவது 2^7ல இருக்குற 7 மாதிரி. 2ஐ அத்தனை தடவை பெருக்கி, வர்றதுல 1 கழிச்சா கிடைக்கிற நம்பருக்கு, அதாவது மெர்சென் எண்ணுக்கு மட்டும்தான் இந்த டெஸ்ட். அடுக்கு 2ஐவிடப் பெரிய பகா எண்ணா இருக்கணும், அடுக்கே பகு எண்ணா இருந்தா நம்பர் தானா உடைஞ்சிடும் (2^6 − 1 = 63 = 7 × 9). நாம 7 எடுப்போம். 2^7 − 1 = 127.

இப்போ 4ல ஆரம்பிங்க. வர்க்கம் பண்ணி, 2 கழிச்சு, 127ஆல வகுத்த மீதியை மட்டும் வச்சுக்கிட்டு அதையே திரும்பப் பண்ணுங்க. எத்தனை தடவை? அடுக்குல 2 கம்மி, இங்க 5. ஆரம்பத்துல இருக்குற 4 இந்தக் கணக்குல சேராது, நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான்.

4 × 4 − 2 = 14
14 × 14 − 2 = 194, மீதி 67
67 × 67 − 2 = 4487, மீதி 42
42 × 42 − 2 = 1762, மீதி 111
111 × 111 − 2 = 12319, மீதி 0

கடைசில 0 வந்துச்சா, 127 பகா எண். அவ்ளோதான்!

மீதி எடுக்க ஒரு சூப்பர் வழி இருக்கு. 127க்கு பதிலா 128ஆல வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிடுங்க (127 வந்தா அது 0தான், அதைத் தாண்டினா 127ஐக் கழிச்சிடுங்க). 4487ல 128 முப்பத்தஞ்சு தடவை போகும், 7 மிஞ்சும், 35 + 7 = 42. 128ங்கிறது 2^7, அதனால கம்ப்யூட்டருக்கு இது பைனரில நம்பரை ரெண்டா வெட்டிக் கூட்டுற வேலைதான், வகுத்தலே கிடையாது. கோடிக்கணக்கான இலக்கத்துக்கும் இது தாக்குப்பிடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து 11 போட்டுப் பாருங்க, 2^11 − 1 = 2047. 9 தடவை பண்ணா 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசில 0 இல்ல, அப்போ பகா எண் இல்ல. எதால வகுபடும்னு மட்டும் டெஸ்ட் சொல்லவே சொல்லாது! எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 2^67 − 1 பகா எண் இல்லன்னு எட்வார்ட் லூக்காஸ் 1876லயே காட்டிட்டார், ஆனா அது 193707721 × 761838257287னு ஃபிராங்க் நெல்சன் கோல்ங்கிற கணிதவியலாளர் உடைச்சுக் காட்டினது 1903லதான்.

வகுக்கிற நம்பரைத் தேடணும்னா கண்ட இடத்துல தேட வேணாம், அடுக்கோட ரெண்டு மடங்கை எடுத்து அதை 1, 2, 3னு பெருக்கி, வர்றதோட 1 கூட்டிப் பாத்தா போதும். 11க்கு 22: 22 + 1 = 23, 22 × 4 + 1 = 89, 23 × 89 = 2047. பெரிய அடுக்குக்கு டெஸ்ட் போடுறதுக்கு முன்னாடி இப்படி சின்ன நம்பர் ஏதாவது வகுக்குதான்னு பாத்துடுங்க, நேரம் நிறைய மிச்சமாகும்.

13க்கு (8191) நீங்களே போட்டுப் பாருங்க, 11 தடவை. பத்தாவதுல 128 வரணும், வரலன்னா மேல எங்கயோ மீதி தப்பியிருக்கு.