அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்: சிட்னிக்குப் பெற்றோரை அழைத்து வந்தவர்களுக்கு

பெற்றோரைச் சிட்னிக்கு எடுத்தவர்கள் முதல் ஆறு மாதத்தில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். முழங்கால் வலிக்கு யாரிடம் போவது? அம்மா ஒன்றையும் ஞாபகம் வைக்கிறார் இல்லை, இது வயதா, நோயா? இரண்டும் வேறு வேறு சங்கதி என்று எண்ணித்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

என் அம்மாவை முதல் தடவை ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், கூட்டிப்போனபோது அவர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். சாப்பாடு? நல்லாச் சாப்பிடுவா. ஞாபகம்? வயதுக்கேற்ற மறதிதான். அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் சும்மா போனது. பிழை டாக்டருடையது அல்ல, என்னுடையது.

அதனால் முதல் வேலை: அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே நீண்ட நேரம் வேண்டும், தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்புறுதி உள்ள நோயாளிக்கு, டிஐஎஸ் என்ற அரசின் மொழிபெயர்ப்புச் சேவை வழியாக ஜிபி உரைபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இலவசமாகப் பெறலாம். அரசு மருத்துவமனைகளிலும் கட்டணம் இல்லை. ‘நான்தான் நல்லா இங்கிலீஷ் பேசுவேனே’ என்று தடுக்காதீர்கள். பிள்ளை மொழிபெயர்த்தால் தாயின் தடுமாற்றம் வழுவழுப்பாகிவிடும். பாதியில் நின்ற வாக்கியத்தை நம்மை அறியாமலே முடித்து வைப்போம். டாக்டருக்கு வேண்டியதே அந்தப் பாதி வாக்கியம்தான்.

உங்கள் வேலை வேறு. என்ன மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இதில் புதிதாக வந்த குடும்பங்கள் அடிக்கடி சறுக்கும் ஓர் இடம் உண்டு. வாஷிங் மெஷின் பொத்தான் தெரியவில்லை, பஸ்ஸில் ஓப்பல் கார்டைத் தட்ட மறக்கிறார், தெருப்பெயர் வாயில் வரவில்லை என்றெல்லாம் எழுதி வருவார்கள். அதெல்லாம் புது நாடு. ஐம்பது வருடமாக வைத்த ரசத்துக்குப் புளி கரைக்க மறந்தால், சேலை கட்டும்போது இடையில் நின்று யோசித்தால், தெரிந்த தேவாரத்தின் இரண்டாம் அடி வராவிட்டால் எழுதுங்கள். பழசு கழன்று போவதுதான் கவனிக்க வேண்டியது. எப்போது தொடங்கியது என்பதையும் குறியுங்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பிப்போனால் அது டிமென்ஷியா என்ற மறதி நோய் மாதிரி இல்லை. சிறுநீர்த் தொற்று, புது மருந்து என்று வேறு காரணம் இருக்கும், அன்றைக்கே காட்ட வேண்டும்.

சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாபகத்தைப் பார்க்க டாக்டர்கள் வழக்கமாக வைக்கும் முப்பது மதிப்பெண் பரீட்சை (எம்எம்எஸ்இ) திகதி, கிழமை, நாடு என்று கேட்கும். வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் ஒருவருக்குச் செவ்வாயும் வியாழனும் ஒன்றுதான். இந்தக் குறை தெரிந்துதான் சிட்னியின் தென்மேற்கில் பல மொழிக்காரர்களைப் பார்த்துவந்த டாக்டர்கள் ரூடாஸ் என்ற சோதனையை உருவாக்கி 2004இல் வெளியிட்டார்கள். அதுவும் 30 மதிப்பெண்தான். நாலு கடைச்சாமானை நினைவில் வைப்பது, உடலில் இடம் வலம் காட்டுவது, கைமுட்டியும் உள்ளங்கையும் மாறி மாறி வைப்பது, ஒரு கனசதுரம் வரைவது, ரோட்டை எப்படிக் கடப்பீர்கள் என்று சொல்வது, ஒரு நிமிடத்தில் மிருகங்களின் பெயர் சொல்வது. 22 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேலும் பார்க்க வேண்டும் என்று பொருள், நோய் உறுதி என்று அல்ல. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவருக்கும் ஓரளவு நியாயமான சோதனை. ‘ரூடாஸ் செய்யலாமா?’ என்று நீங்களே கேட்கலாம். (வீட்டில் இதற்கு டியூஷன் கொடுக்காதீர்கள், தயவு செய்து. நம்மவர்கள் கொடுப்பார்கள்.)

மூட்டுவாதம் இங்கேதான் உள்ளே வருகிறது. விரல் மூட்டு வீங்கியவருக்குக் கைமுட்டி மடக்குவதே கஷ்டம், பேனா பிடித்துக் கனசதுரம் வரைவது அதைவிடக் கஷ்டம். அங்கே போகும் மதிப்பெண் மூளையின் கணக்கில் ஏறிவிடும். ‘கை வலி இருக்கிறது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடியும் காதுக்கருவியும் மறக்காமல் கொண்டு போங்கள்.

இரத்தப் பரிசோதனையில் தைராய்டும் பி12உம் இருக்கும். மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்காக எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது சகஜம், அது மறதியையும் கால் மரத்துப்போவதையும் கொடுக்கும். இது திருத்தக்கூடியது. மனச்சோர்வும் அப்படித்தான். அயலும் கோவிலும் பேச்சுத் துணையும் ஒரே நாளில் போனவர் மந்தமாவதில் ஆச்சரியம் இல்லை.

அப்புறம் ஊரிலிருந்து வந்த மருந்துப் பை. அதை அப்படியே டாக்டர் மேசையில் கொட்டுங்கள். பிரிட்டான் போன்ற பழைய சளிக்குளிசைகளும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் வயதானவர்களைக் குழப்பும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிக்குளிசைகளை, ‘பிரில்’ அல்லது ‘சார்ட்டன்’ என்று முடியும் பிரஷர் மருந்தோடும் நீர் போகும் குளிசையோடும் சேர்த்தால் சிறுநீரகம் அடிபடும். பெட்டி இல்லாமல் வந்த ஆயுர்வேத உருண்டைகளில் சிலவற்றில் ஈயம் இருந்திருக்கிறது, அதையும் மறைக்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது மெதோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு, அதாவது ருமட்டாய்டு வகைக்கு, அதை வாரத்தில் ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். மறதி உள்ளவர் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெட்டி அம்மாவின் அலுமாரியில் இருக்கக் கூடாது. ஃபார்மசியில் வெப்ஸ்டர் பாக் கேட்டால் நாள், வேளை பார்த்துக் குளிசைகளைப் பிரித்து அடைத்துத் தருவார்கள். விரலால் அதைக் குத்தி எடுக்க முடியாவிட்டால் சிறு பைகளில் போட்டுத் தரும் ஃபார்மசிகளும் உண்டு.

முழங்கால் தேய்மானத்துக்கு முதல் மருந்து அசைவு. டென்மார்க்கில் தொடங்கிய கிளாட் என்ற உடற்பயிற்சித் திட்டத்தை இங்குள்ள பிசியோக்கள் நடத்துகிறார்கள். ஜிபி நீண்டகால நோய்த் திட்டம் எழுதிக் கொடுத்தால் பிசியோ, பாதப் பராமரிப்பு போன்றவற்றுக்கு வருடத்தில் ஐந்து தடவை மெடிகேர் பங்கு கட்டும்.

மறதி முற்றியவர் ‘வலிக்குது’ என்று சொல்வதில்லை. என் அம்மா மாலையானால் ‘வீட்டை போவம்’ என்று வாசலில் நிற்பார், தொட்டால் தட்டிவிடுவார். நாங்கள் மூளை என்று விட்டுவிட்டோம். அம்மா நாற்காலியிலிருந்து எழும்போது முகம் சுளிப்பதை, வந்து பார்த்த நர்ஸ் கவனித்தார். டாக்டர் பராசிட்டமோலை நேரத்துக்குக் கொடுக்கச் சொன்னார். வாசலில் நிற்பது முழுக்க நிற்கவில்லை, ஆனால் தட்டிவிடுவது குறைந்தது. முகம், மூச்சு, முனகல், குளிக்க மறுப்பது, மாடிப்படியைத் தவிர்ப்பது: இவைதான் அவர்களுடைய வாய்.

விசா விஷயம். 870 என்ற பெற்றோருக்கான தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு மெடிகேர் இல்லை, இலங்கையோடும் இந்தியாவோடும் அதற்கான ஒப்பந்தமும் இல்லை. ஸ்கேன் செலவு கையிலிருந்துதான், காப்புறுதியைப் பார்த்து எடுங்கள். நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்கள் 75 வயதானதும் வருடம் ஒரு தடவை ஜிபியிடம் முழு உடல்நல மதிப்பீடு கேட்கலாம்.

நோய் உறுதியானால் காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டியது பத்திரங்கள். பணத்துக்கு ஒரு அதிகாரப் பத்திரம், உடல்நல முடிவுகளுக்கு ஒரு பாதுகாவலர் பத்திரம். இரண்டையும் அவருக்கு விளங்கும் காலத்திலேயே எழுத வேண்டும். அப்பா கார் ஓட்டுகிறார் என்றால் நோயை லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கோபிப்பார். டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள்.

வீட்டு உதவிக்கு மை ஏஜ்ட் கேர் என்ற முதியோருக்கான அரசுச் சேவை, 1800 200 422. டிமென்ஷியா உதவித் தொலைபேசி 1800 100 500, இரவிலும் எடுப்பார்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் முதலில் டிஐஎஸ் எண்ணான 131 450க்கு அடித்துத் ‘தமிழ்’ என்று சொல்லுங்கள், உரைபெயர்ப்பாளரை இணைத்துவிட்டு நீங்கள் கேட்கும் எண்ணுக்கு அவர்களே எடுப்பார்கள். யாழ்ப்பாணத் தமிழா, தமிழ்நாட்டுத் தமிழா என்பதையும் சொல்லிப் பாருங்கள். அம்மா வாய் திறப்பது சில நேரம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.